மேனேஜரின் குலதெய்வம்

1998-ஆம் வருஷம் ஜனவரியிலிருந்து மே வரை குமாரசாமி செய்த முக்கியமான வேலை, ஒரு கல்லைப் பார்ப்பது. நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி அப்படி நினைக்கவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது தன் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வழி தவறி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போய்விடாமல் தடுக்கும் புண்ணிய காரியத்தில் அவர் ஈடுபட்டிருப்பதாக அது நம்பியது. அதையும் அவர் செய்தார்தான். ஆனால் அது கை செய்த வேலை. கண் செய்த வேலை வேறு.

கல் இருந்தது மேனேஜர் ஜெஃப்ரி வெதராலின் மேஜை மேல். உள்ளங்கை அகலம், முக்கோண வடிவம். ஒரு பக்கம் வழவழவென்று உள்வாங்கிய வளைவு. மேல் விளிம்பில் உளியால் கொத்திய மூன்று கோடுகள். அந்த அறையில் ஏசிக் காற்று மேஜை மேலேயே அடிக்கும் என்பதால், பறக்கக் கூடாத காகிதங்களை எல்லாம் வெதரால் அந்தக் கல்லுக்கு அடியில் வைப்பார். பார்க்கப் பிடிக்காத காகிதங்களையும் அங்கேதான் வைப்பார் என்று ஆபீசில் பேச்சு. அந்தக் காகிதக் கட்டுக்குள் குமாரசாமியின் கிரீன் கார்டு விண்ணப்பமும் இருந்தது. வெதரால் அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் குமாரசாமி அமெரிக்காவில் இருக்கலாம். போடாவிட்டால், ஹெச்-ஒன் விசாவின் ஆறாவது வருஷம் முடிகிற அடுத்த மார்ச்சில் பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். குமாரசாமி நாற்பது வயதுவரை யாரிடமும் எதையும் நேராகக் கேட்டறியாதவர். தாராபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை பார்த்து, அங்கே சம்பள உயர்வு கேட்காமலேயே ரிசைன் பண்ணி வந்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வாய் வராமல், பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வான்மதியின் வீட்டார் விவரமானவர்கள், அர்த்தம் புரிந்துகொண்டு தேதி குறித்துவிட்டார்கள். வெதரால் வீட்டில் அப்படி விவரமானவர்கள் யாரும் இல்லை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனா போய்விட்டாள்.

தவிர வெதரால் இங்கிலாந்துக்காரர். அவரும் எதையும் நேராகப் பேச மாட்டார். வாரம் ஒருமுறை குமாரசாமி அவர் அறைக்குப் போய், பனி அதிகம் என்பார். ஆமாம், நாளைக்கும் இருக்கும் என்பார் வெதரால். குமாரசாமி கல்லைப் பார்ப்பார். வெதரால் குமாரசாமியைப் பார்ப்பார். பிறகு குமாரசாமி இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஐந்து மாதத்தில் இரண்டு பேரும் பனி, மழை, காற்று எல்லாவற்றையும் பேசி முடித்து, மகரந்தத்துக்கு வந்திருந்தார்கள்.

விஷயம் இந்த நிலையில் இருந்தபோதுதான் வெஸ்ட் வின்ட்சரிலிருந்து நண்பர் வெள்ளியங்கிரி ஒரு சனிக்கிழமை சாப்பிட வந்தார். போன வருஷம் கிரீன் கார்டு வாங்கியவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லா விஷயத்திலும் யோசனை சொல்லும் தகுதி பெற்றவர். லாயர் யார், ஃபைல் எங்கே நிற்கிறது என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கிரீன் கார்டு வந்தால் ஆள் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவான் என்று மேனேஜர்கள் இழுத்தடிப்பார்கள் என்றார். கடைசியாக, குலதெய்வத்துக்குச் செய்தாயிற்றா என்று கேட்டார். செய்தாயிற்று. பங்காளிகளுக்குச் சொல்லி, தாராபுரத்தில் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, கெடாயும் வெட்டியாயிற்று. வெள்ளியங்கிரியிடம் இதற்கு மேல் யோசனை இல்லை. ரசத்தை உறிஞ்சினார்.

அப்போது வான்மதி சொன்னாள்.

"ஏனுங்க, கையெழுத்துப் போட வேண்டியது நீங்களா, அவருங்களா?"

அவர்தான் என்றார் குமாரசாமி.

"அப்பறம் நம்ம சாமிகிட்டக் கேட்டு என்னங்க பண்றது? அவரோட சாமிகிட்டயல்ல கேக்கோணும்."

வெள்ளியங்கிரி ரசத்தைக் கீழே வைத்தார். "தங்கச்சி சொல்றது லாஜிக்கலா கரெக்ட்டு மாப்ள," என்றார்.

குமாரசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. வெதராலின் அறைச் சுவரில் ஒரு போட்டோ உண்டு. ஒரு வயல், வயலுக்கு நடுவே குட்டைக் கோபுரம் வைத்த ஒரு சர்ச். கீழே லிட்டில் ஆஷம் என்று எழுதியிருக்கும். என் சொந்த ஊர் என்று வெதரால் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வயதில் விட்டு வந்தது, அப்புறம் ஒருமுறைகூடப் போகவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அன்று அது வெறும் தகவலாக இருந்தது. இன்றுதான் அதன் பயங்கரம் புரிந்தது. முப்பத்தைந்து வருஷமாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போகாத மனுஷனின் கை எப்படிக் கையெழுத்துப் போட ஓடும்? மனைவி அரிசோனாவுக்குப் போனது, முழங்கால் வலி, காரின் டிரான்ஸ்மிஷன் போனது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருந்தது, அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஜூனில் வான்மதியின் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கோயம்புத்தூர் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. டிக்கெட்டை மாற்றி, லண்டனில் ஒரு நாள் இறங்குவதென்று முடிவாயிற்று. நியூயார்க் பிரிட்டிஷ் கன்சுலேட்டில் விசாவுக்குப் போன இடத்தில், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். மேனேஜரின் குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைக்க என்று சொல்வதற்குக் கட்டம் எதுவும் இல்லாததால், டூரிசம் என்று எழுதினார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரீத்திக்கு மட்டும் சந்தேகம். "இட்'ஸ் ஹிஸ் சர்ச், டாட். ஒய் ஆர் வி கோயிங்?" என்று கேட்டாள். பெரியவர்கள் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று பதில் கிடைத்தது.

ஹீத்ரோவில் இறங்கியதிலிருந்தே குமாரசாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பையில் எடிசன் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய தேங்காய், கற்பூரம், விபூதி. இங்கிலாந்தில் தேங்காய் அனுமதிக்கப்பட்ட பொருளா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. இரண்டு சுங்க அதிகாரிகளுக்கு நடுவே அவர் நடந்த நடையைப் பார்த்தவர்கள் பைக்குள் வெடிகுண்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை. அதுவே அவருக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது.

வாடகைக் காரில் ஸ்டியரிங் கோயம்புத்தூர் மாதிரி வலது பக்கத்தில் இருந்தது ஆறுதல். ஆனால் ஐந்து வருஷத்தில் கை அமெரிக்காக் கையாகிவிட்டது. ஃப்ரீவே மாதிரிப் பெரிய ரோட்டிலிருந்து இறங்கியதும், இரண்டு பக்கமும் ஆள் உயர வேலிச் செடி, நடுவில் ஒரு கார் மட்டும் போகிற சந்து. மடியில் மேப்பை விரித்துக்கொண்டு வான்மதி லெஃப்ட்டுங்க, லெஃப்ட்டுங்க என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. குமாரசாமி அரை மைல் ரிவர்ஸில் போனார். டிராக்டர்காரர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். சாபம் கொடுத்ததாகக் குமாரசாமி எடுத்துக்கொண்டார்.

லிட்டில் ஆஷம் என்பது முப்பது நாற்பது வீடு, பூட்டியிருந்த ஒரு பப், ஸ்டாம்பும் ரொட்டியும் ஒரே கவுன்ட்டரில் விற்கும் ஒரு கடை. அவ்வளவுதான் ஊர். சர்ச்சைக் காணோம். கடைக்காரர் ஊருக்கு வெளியே, அரை மைல் தள்ளி, கோதுமை வயலுக்கு நடுவே கையைக் காட்டினார். சுற்றிலும் ஒரு வீடு கிடையாது. தனியே நின்றது அது.

வேறு யாராயிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். குமாரசாமிக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. குலதெய்வம் ஊருக்குள் எங்கே இருந்திருக்கிறது? தாராபுரத்தில் அவர்கள் அம்மனும் காட்டுக்கு நடுவில்தான்.

"சரியான எடத்துக்குத்தானுங்க வந்திருக்கறோம்," என்றாள் வான்மதி.

சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பிரீத்தி மாட்டேன் என்றாள், பிறகு அம்மாவின் கண்ணைப் பார்த்துக் கழற்றினாள். இரவு பெய்த மழையில் புல் ஜில்லென்று காலைக் கவ்வியது. கல்லறைகளுக்கு நடுவே வலமாக நடக்க ஆரம்பித்தார்கள். சாய்ந்த கல், பாசி படிந்த கல், தேய்ந்துபோன கல். ஒன்றில் ஜேம்ஸ் வெதரால் என்று இருந்தது. இன்னொன்றில் அவர் மனைவி ஆன். அடுத்ததில் எலிசபெத் வெதரால், குழந்தை. குமாரசாமி ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

இரண்டாவது சுற்றில்தான் பிரீத்தி சொன்னாள், தங்களை ஒருவர் பார்க்கிறார் என்று. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வயதான அம்மாள், கையில் செடி வெட்டும் பெரிய கத்தரி, ரோஜாப் புதருக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் புதருக்கு முன்னால் வந்திருந்தார். நிறுத்தலாம். பாதியில் நிறுத்திய பிரதட்சிணத்துக்கு என்ன பலன் என்பதை நினைத்து, குமாரசாமி நிறுத்தாமல் நடந்தார்.

வாசலுக்கு எதிரே தரையில் ஒரு கல் கிடந்தது. முழங்கால் உயரம். நடுவில் குழி. பார்க்க ஆட்டுக்கல் மாதிரியே இருந்தது, ஒரு மூலை மட்டும் உடைந்து போயிருந்தது. பலிபீடம் என்று வான்மதி தீர்மானித்தாள். அதன் பக்கத்தில் ஒரு கருங்கல் சில்லில் கற்பூரம் வைத்து, காற்றுக்கு முந்தானையால் மறைத்துப் பற்ற வைத்தாள். குமாரசாமி தேங்காயை எடுத்தார். ஜெஃப்ரி வெதரால், நட்சத்திரம் தெரியாது என்று சாமிக்குச் சொன்னார். கையை ஓங்கினார்.

அதை உடனே கீழே வைக்கும்படி முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் குமாரசாமி தேங்காயைக் கீழே போட்டிருப்பார். அமைதியாகச் சொன்னதால் அப்படியே ஓங்கிய கையோடு நின்றார்.

அம்மாளின் பெயர் மிஸஸ் டில்லி. சர்ச்சைப் பார்த்துக்கொள்கிறவர். யார் நீங்கள், என்ன செய்கிறீர்கள் என்றார். குமாரசாமி ஓங்கிய கையை இறக்காமலே, நாங்கள் மிஸ்டர் ஜெஃப்ரி வெதரால் சார்பாக வந்திருக்கிறோம் என்றார். அர்ச்சனை யார் பெயருக்கோ அவர் பெயரைத்தானே சொல்ல வேண்டும்.

மிஸஸ் டில்லியின் முகம் அப்படியே இளகிவிட்டது. ஜெஃப்ரியா, ஹேசல் வெதராலின் பையனா, உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார். நியூ ஜெர்சியில் பெரிய மேனேஜர் என்று குமாரசாமி பெருமையோடு சொன்னார். அவர் வராமல் உங்களை அனுப்பினாரா என்று அம்மாள் கேட்டதற்கு, அவருக்கு வேலை அதிகம் என்றார். அது பொய்யில்லை. பிறகு மிஸஸ் டில்லி, நீங்கள் சுற்றி வந்ததைப் பார்த்தேன், நல்லவேளை சரியான பக்கமாகச் சுற்றினீர்கள், மாற்றிச் சுற்றினால் பிசாசு வரும் என்று என் அம்மா சொல்வாள், நீங்கள் மட்டும் மாற்றிச் சுற்றியிருந்தால் அப்போதே வந்திருப்பேன் என்று கத்தரியை ஆட்டிக் காட்டினார்.

இந்தக் கல்லில் மட்டும் எதையும் உடைக்காதீர்கள், ஏற்கெனவே ஒருமுறை உடைந்தது போதும் என்று சொல்லி, கேட்காமலேயே அந்த ஊரின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் இந்த சர்ச்சைச் சுற்றித்தான் இருந்தது. ஒரு கோடையில் பிளேக் வந்தது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே எல்லை போட்டுக்கொண்டு, உள்ளே வராதீர்கள் என்று பக்கத்து ஊருக்குச் சொல்லியனுப்பினார்கள். எல்லையில் இந்தக் கல். குழியில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு தானியத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். பாதிக்கு மேல் ஜனம் போனது. மிஞ்சியவர்கள் வீடுகளைக் கொளுத்திவிட்டு அரை மைல் தள்ளிப் புது ஊர் கட்டிக்கொண்டார்கள். பின்னால் இந்தக் கல்லைத் தூக்கி வந்து சர்ச் வாசலில் வைத்தார்கள். ஊருக்கு இருக்கும் ஒரே பெருமை இதுதான்.

"அம்மை கண்ட ஊரு," என்று குமாரசாமி தமிழில் வான்மதியிடம் சொன்னார். வான்மதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூலை உடைந்தது பிளேக் காலத்தில் இல்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் ராணிக்கு முடிசூட்டிய அன்று. ஊரில் ஒரே ஒரு டெலிவிஷன், அது பாதிரியார் வீட்டில். ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. பார்த்து முடித்து வெளியே வந்தால் மூலை இல்லை. அந்த அறையில் இல்லாதவன் என்று ஊர் கண்டுபிடித்தது ஒரே ஆளைத்தான். மிஸஸ் டில்லியின் தம்பி வில்ஃப், சர்ச் புல்லை வெட்டுகிறவன், பதினேழு வயது. உடைத்து எவனோ பழம்பொருள் வியாபாரிக்கு விற்றுவிட்டான் என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியா போய்விட்டான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அங்கேயே செத்தும் போனான்.

குமாரசாமி இதையெல்லாம் ஒரு காதால்தான் கேட்டார். கண் கல்லின் மேல் இருந்தது. விளிம்பைச் சுற்றி உளியால் கொத்திய மூன்று கோடுகள் ஓடி, உடைந்த மூலையில் சட்டென்று நின்றன. ஐந்து மாதம் பார்த்த கண். மறக்குமா?

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் காங்கயம் பக்கத்திலிருந்து தாராபுரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மடியில் கட்டி வந்துதான் புது இடத்தில் அம்மனை வைத்தார்கள். பிடிமண் இல்லாமல் ஊர் மாறுகிற குடும்பம் உருப்படாது. இந்த வெள்ளைக்காரர், கோயிலுக்கே வராதவர் என்று தான் குறைவாக நினைத்த மனுஷர், அத்தனை சின்ன வயதில் குலதெய்வத்தின் பிடிமண்ணை எடுத்துப்போய், கடல் தாண்டி, தினம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்.

"கவலையே படாதீங்க மேடம்," என்றார் குமாரசாமி, இங்கிலீஷில். "அது பத்திரமா இருக்குது. சாரோட டேபிள் மேலதான் இருக்குது. ஒரு நாள்கூட எடுத்து வேற எடத்துல வெச்சதில்லை."

மிஸஸ் டில்லி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னும் சந்தோஷமாக, மூன்று கோடு உட்பட, சொன்னார். அம்மாள் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டார். வயலைப் பார்த்தார். பிறகு, உங்கள் ஆபீஸ் போன் நம்பர் என்ன என்று கேட்டார். குமாரசாமி எக்ஸ்டென்ஷனோடு கொடுத்தார்.

காரில் ஏறியதும் பின் சீட்டிலிருந்து பிரீத்தி சொன்னாள்.

"டாட், ஐ திங்க் யூ ஜஸ்ட் டோல்ட் ஆன் யுவர் பாஸ்."

வேலிச் செடிகளுக்கு நடுவே காரை நிறுத்திவிட்டார் குமாரசாமி. தேங்காய் உடைபடாமல் வான்மதியின் காலடியில் உருண்டது. தான் செய்தது என்னவென்று அவருக்குத் தலையிலிருந்து பாதம்வரை மெல்ல மெல்ல இறங்கியது. கையெழுத்து வேண்டி கடல் தாண்டி வந்து, கையெழுத்துப் போட வேண்டியவரை ஊரறியத் திருடனாக்கியாயிற்று.

கோயம்புத்தூரில் மைத்துனரின் புது வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். குமாரசாமி போனுக்குப் பக்கத்தில் இருந்தார். அது அடித்தால் வெளிறுவார், அடிக்காவிட்டால் அதைவிட வெளிறுவார். அமெரிக்காவில் நன்றாகச் சாப்பிட்டுப் பழகியதால் இங்கத்திச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். திரும்பிப் போகச் சென்னையில் அமெரிக்க விசா குத்திக் கொடுத்தார்கள், வேலை இருக்கிறதா இல்லையா என்பது வேலை பார்ப்பவருக்கே தெரியாத நிலையில்.

ஜூன் கடைசியில் பார்சிப்பனிக்குத் திரும்பினார். கல் இருந்தது. அடியில் காகிதம் இருந்தது. வெதரால் குட் மார்னிங் சொன்னார். வெளியே இடி மின்னலோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கிலாந்துக்காரர் மழையைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார் என்றால் விஷயம் கைமீறிவிட்டது.

மூன்றாம் நாள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மார்ஜரி டில்லி போன் பண்ணினாள் என்றார். செருப்பில்லாத ஒரு மனுஷன் வந்து ஏதோ சொன்னானாம். வெதரால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். ஏதோ குழப்பம் நடந்திருக்கும், அந்த ஆள் வேறு ஏதோ கல்லைப் பார்த்திருப்பான் என்று தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு இப்படிச் சொன்னார்:

"நீ அவளுக்கு ஒரு போன் பண்ணி, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும்."

சொல்லும்போது அவர் கை கல்லின் மேல் இருந்தது. கல் காகிதத்தின் மேல் இருந்தது. காகிதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வதில் குமாரசாமி ஆயுள் முழுக்கப் பயிற்சி பெற்றவர். இத்தனை மாதத்தில் முதல்முறையாக இரண்டு பேருக்கும் எல்லாம் துல்லியமாகப் புரிந்தது.

ஒரு நிமிஷ விஷயம். வெள்ளியங்கிரியும் அதையேதான் சொன்னார். "ஒரே ஒரு கால் மாப்ள. அந்தக் கெழவி என்ன பிளேன் புடிச்சா வந்து பார்க்கப் போகுது?" என்றார் போனில். வில்ஃப் செத்துவிட்டான். உண்மை யாருக்கு என்ன லாபம் தரும்? பிரீத்திக்கு ஸ்கூல், வான்மதிக்கு டிரைவிங் லைசென்ஸ், தனக்கு முதுமை எல்லாம் இந்த ஊரில்தான் என்று குமாரசாமி அடுப்பங்கரை வாசலில் நின்று வாதாடினார். வான்மதி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பே இல்லாத வாதம் அவருக்கே சகிக்கவில்லை.

"கற்பூரம் பத்த வெச்சமுங்களா, இல்லீங்களா?" என்றாள் கடைசியாக.

பற்ற வைத்தோம், ஆனால் அது நம் சாமி இல்லையே என்றார் குமாரசாமி.

"கேக்கப் போறப்ப நம்ம சாமி. பொய் சொல்றப்ப மட்டும் அவுங்க சாமியாக்கும்." தோசையைத் தட்டில் போட்டாள். "அந்தம்மா கத்திரிய மடில வெச்சுட்டு உக்காந்திருந்ததை நீங்களும்தான பார்த்தீங்க."

குமாரசாமி அன்று தோசை சாப்பிடவில்லை. கற்பூரத்தின் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்ல அவர் வம்சத்தில் யாருக்கும் நாக்கு வந்ததில்லை. வந்த ஒரு சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்பதை அவர்கள் வீட்டில் பேசுவதில்லை.

மறுநாள் காலை, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு விஷயத்தை நேராகச் சொல்லும் நோக்கத்தோடு அவர் ஒரு அறைக்குள் நுழைந்தார். வெளியே வெயில் என்றுகூடச் சொல்லவில்லை.

"என்னால முடியாதுங்க சார். அங்க நாங்க விளக்கேத்திட்டோம்."

வெதராலுக்கு விளக்கு விஷயம் புரிந்ததா என்பது தெரியவில்லை. பிறகு, சரி, வேறொன்றும் இல்லை என்றார். அந்த வேறொன்றும் இல்லை என்பது, அன்றைக்கு மட்டுமா அடுத்த மார்ச்சுக்கும் சேர்த்தா என்று கேட்கக் குமாரசாமியிடம் மிச்சமாக இருந்த தைரியம் போதவில்லை. இருந்ததெல்லாம் ஒரு வாக்கியத்தில் செலவாகிவிட்டிருந்தது.

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் யாரும் கிரீன் கார்டு என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. வான்மதி சூப்பர் மார்க்கெட் போனால் காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து, காரணம் சொல்லாமல் கிளாசெட்டில் அடுக்கினாள். கோயம்புத்தூர் ஸ்கூலில் சம்மர் லீவ் எப்போது என்று பிரீத்தி கேட்டாள். வெள்ளியங்கிரி தன் பங்குக்கு, ஊரில் இப்போது சாஃப்ட்வேர் பிக்கப் ஆகிறது என்று ஆறுதல் சொல்லி எல்லோர் தூக்கத்தையும் கெடுத்தார். ஆபீசில் குமாரசாமி கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கை செய்த வேலையைக் கண்ணும் சேர்ந்து செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதனால் ஏற்பட்ட நன்மை கொஞ்சமல்ல.

ஜூலை நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வெதரால் கூப்பிட்டனுப்பினார். கையில் மழைக் கோட்டு, காலடியில் பயணப் பை. தொண்ணூற்றைந்து டிகிரி வெயிலில் மழைக் கோட்டோடு கிளம்புகிறவர் போகக்கூடிய நாடு ஒன்றுதான். மேஜையில் கல் இல்லை. பைக்குள் ஒரு துண்டில் சுற்றியிருந்தது, மூலை தெரிந்தது. மேஜை மேல் காகிதக் கட்டு ஏசிக் காற்றில் படபடத்தது. வெதரால் அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பையன் நழுவியதை யாரும் கவனிக்கவில்லை, ஊரில் சொன்ன அளவுக்குக் கல் உள்ளேயும் பழசாக இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன் என்றார். உள்ளேயும் பழசாகத்தான் இருந்தது என்றார். வில்ஃப் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்றார்.

"சுற்றி வந்தாயாமே. மார்ஜரி சொன்னாள். எந்தப் பக்கமாக?"

குமாரசாமி விரலால் காற்றில் வட்டம் போட்டார். எதிரே நின்றவருக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. வெதரால் குழம்பினார். மாற்றிச் சுற்றினால் என்ன வரும் என்பது இருவருக்கும் தெரியும். இதில் தப்பு நேரக் கூடாது என்று குமாரசாமி ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மேனேஜரின் மேஜையை வலமாகச் சுற்றினார். வெதரால் ஒரு கணம் தயங்கிவிட்டு, கையைக் காகிதத்திலிருந்து எடுத்து, பின்னாலேயே நடந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் முழு டிபார்ட்மென்ட்டும் வேலையை நிறுத்தி, எழுந்து நின்று பார்த்தது.

அவர்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் கட்டு பறந்துவிட்டது. அறை முழுக்கக் காகிதம். வெதரால் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலடியில் கிடந்த குமாரசாமியின் விண்ணப்பத்தை எடுத்தார். பார்த்தார். மேஜையில் வைத்தார். அது மறுபடி எழுந்தது. வழக்கப்படி கை கல்லைத் தேடிப்போனது. கல் பையில் இருந்தது. அதை இனி வெளியே எடுப்பதற்கில்லை. வேறு எந்த விதத்திலும் அந்தக் காகிதத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாது என்று தெரிந்ததும், நின்றபடியே பேனாவைத் திறந்து அதில் கையெழுத்துப் போட்டு, குமாரசாமியின் கையில் கொடுத்தார்.

குமாரசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எத்தனை சுற்று?" என்று கேட்டார் வெதரால், பையை எடுத்தபடி.

"மூணு சார்."

வெதரால் தலையாட்டினார். கதவுவரை போய்த் திரும்பினார். அங்கே இப்போது மழை இருக்கும் என்றார்.

ஆமாங்க சார், புல்லு ஈரமா இருக்கும், வெறுங்கால் வழுக்கும், பார்த்துப் போங்க என்றார் குமாரசாமி.